பிளாஸ்திரி ஒட்டிய பெட்டி

மலைமேல் கன்னியர் நடத்திய மருத்துவமனை அது. நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளை அங்கே வைத்து வளர்த்தார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிள்ளைகள். தோலுக்கடியில் ஓடும் ரத்தம் வெளியே தெரியும்.

அந்த வார்டை வெகுகாலம் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் வியான்னி. அவர் கொண்டுவந்த வழக்கம்தான் மௌன வேளை. மதியச் சாப்பாடு முடிந்ததும் இன்குபேட்டர்கள்மேல் துணி போர்த்துவார்கள். விளக்கைத் தணிப்பார்கள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டிருக்கும். செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே வரக்கூடாது, மறைமாவட்ட ஆயரே வந்தாலும் அப்படித்தான். தூக்கத்தில்தான் பிள்ளை வளரும் என்பார் வியான்னி. பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

முட்டி தேய்ந்து அவரால் நெடுநேரம் நிற்க முடியாமல் போனபோது, மதர் பிரிஜித்தா அவரை வார்டை ஒட்டிய சின்ன அறைக்கு மாற்றினார். அங்கே ஒரு சர்வர் கம்ப்யூட்டரும், அதன் பக்கத்தில் டிஸ்க் பெட்டி ஒன்றும் இருந்தன. பிள்ளைகளின் கண்ணுக்குள் எடுத்த படங்களெல்லாம் அந்தப் பெட்டியில்தான்.

நாள் நிறையாத பிள்ளைக்குக் கண்ணின் உட்புறத்தில் ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்திருக்காது. வெளியே வந்த பிறகு அது போகக்கூடாத வழியில் வளர்ந்துவிட்டால், பார்வை போய்விடும். அதனால் வாரந்தோறும் படம் எடுப்பார்கள். கீழே நகரத்திலிருந்து கண் டாக்டர் வேனில் ஏறி வருவார். போன வாரத்துப் படத்தையும் இந்த வாரத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். லேசர் வைக்கலாமா, காத்திருக்கலாமா என்பது அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருந்தது.

"எனக்கு மிஷினெல்லாம் தெரியாதே மதர்."

"பிள்ளைங்களைத் தெரியும்ல. மிச்சத்தைக் கொலம்பா சொல்லிக் குடுப்பா."

சிஸ்டர் கொலம்பா, வியான்னிக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. தலைமை மடத்திலிருந்து மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வருவார். படங்களுக்கெல்லாம் தனி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அதை டிஃபன் பாக்ஸ்போல் மடியில் வைத்துக்கொண்டு போய்விடுவார். பேச்சு குறைவு. ஏதாவது கேட்டால் முதலில் ஜன்னலைப் பார்ப்பார். மடத்தில் அவருக்கு ஜன்னல் சிஸ்டர் என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

முதல் பாடத்தன்று வியான்னி கேட்டார்: "இதுல நாலு டிஸ்க் இருக்கே. ஒண்ணு செத்துப்போனா என்ன ஆகும்?"

கொலம்பா ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவரை வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் எடை எழுதும் பலகை தொங்கியது.

"மூணு பிள்ளைங்க எடையை எழுதுங்க அக்கா."

வியான்னி எழுதினார்.

"அதுக்குக் கீழ, மூணையும் கூட்டி எழுதுங்க."

எழுதினார். கொலம்பா நடுவில் இருந்த பிள்ளையின் எடையை விரலால் துடைத்தார்.

"இந்தப் பிள்ளை என்ன எடை?"

"நீங்கதான் துடைச்சிட்டீங்களே." சொல்லிவிட்டு வியான்னி பலகையையே பார்த்தபடி நின்றார். மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் மனசுக்குள் கழித்தார். துடைத்த எண் அவர் வாய்க்கு வந்துவிட்டது.

"எந்தப் பிள்ளையைத் துடைச்சாலும் வருமா?"

"வரும்."

"கீழ இருக்கிற மொத்தத்தைத் துடைச்சா?"

"திரும்பக் கூட்டிக்க வேண்டியதுதான்."

வியான்னி துடைத்த இடத்தைத் தொட்டார். "அப்போ, இல்லாம போன பிள்ளை, இருக்கிற பிள்ளைங்ககிட்ட இருக்கு."

கொலம்பா பலகைக்குத் திரும்பினார். இன்னொரு எண்ணையும் துடைத்தார்.

"இப்போ சொல்லுங்க அக்கா."

வியான்னி வெகுநேரம் பார்த்தார். சொல்ல முடியவில்லை. கொலம்பா கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

*

மழைக்காலம் தொடங்கியது. ஒரு நாள் மௌன வேளையில், சின்ன அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கூர்மையான, விட்டுவிட்டு வரும் சத்தம். வியான்னி வெறுங்காலோடு ஓடினார். டிஸ்க் பெட்டியில் மூன்று விளக்குகள் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மஞ்சளாக, அசையாமல் நின்றது.

படங்களைத் திறந்து பார்த்தார். ஒன்று திறந்தது. அடுத்ததும் திறந்தது. எந்தப் பிள்ளையின் படமும் குறையவில்லை. பலகையில் துடைத்த எடை அவர் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு டிஸ்க் போய்விட்டது, ஆனாலும் எதுவும் போகவில்லை. பெட்டியைக் கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு.

பெட்டி நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. வார்டில் ஒரு பிள்ளை சிணுங்கியது, பிறகு இன்னொன்று.

வியான்னி பஞ்சை உருட்டிப் பெட்டியின் பக்கத்தில் இருந்த சத்தத் துளையில் வைத்தார். அதன்மேல் பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினார், ஊசி ஏற்றிய பிஞ்சுக் கைக்கு ஒட்டுவதைப்போலப் பதமாக. சத்தம் அடங்கியது. கொலம்பா வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டு, வெறுங்காலோடு வார்டுக்குத் திரும்பினார்.

கொலம்பா வரவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. போனும் வேலை செய்யவில்லை. கண் டாக்டரின் வேன் மட்டும் சுற்றுவழியில் எப்படியோ வந்து போனது.

பாதை அடைபடுவதற்கு முந்தின நாள், எஸ்டேட்டிலிருந்து சகாயராணி என்ற பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். தலைப்பிரசவம். பிள்ளை ரொம்ப முன்னாலேயே பிறந்துவிட்டது. இன்னும் பெயர் வைக்கவில்லை. இன்குபேட்டரில் சகாயராணி பேபி என்று எழுதி ஒட்டியிருந்தது. மூச்சுக்காகத் தொண்டையில் வைத்திருந்த குழாயை எடுத்த பிறகும் பிள்ளைக்குக் குரல் எழும்பவில்லை. வாய் திறக்கும், முகம் சிவக்கும், பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு காற்று வரும். அவ்வளவுதான்.

சகாயராணி இன்குபேட்டரை விட்டு நகரவே மாட்டாள். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, தான் மூச்சுவிட மறந்துபோவாள். தலை சாய்ந்தால் திடுக்கிட்டு எழுந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பாள்.

"சிஸ்டர், இவளுக்குக் குரல் இருக்கா?"

"இருக்கும்மா. இன்னும் எடுக்கலை."

"கண்ணு?"

வியான்னி இன்குபேட்டர் துணியைச் சரிசெய்தார். கண் டாக்டர் அந்த வாரம் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லைக்கோட்டுல நிக்குது சிஸ்டர். அடுத்த தடவை வரும்போது இதையும் அதையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். அவசரப்பட்டும் லேசர் வைக்கக்கூடாது, விட்டும் வைக்கக்கூடாது. இந்தப் படத்தைப் பத்திரமா வைங்க" என்று சொல்லியிருந்தார்.

வியான்னி பத்திரமாக வைத்தார். அந்தப் பெட்டியில்தான்.

*

பாதை திறந்ததும் முதலில் வந்தது ஆசீர். கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவன். பழைய பெட்டி சின்னது, புதிது வாங்க வேண்டும் என்று மதர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அவன் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தான்.

"எல்லாத்துலயும் ரெய்டு இருக்கு மதர்."

"ரெய்டா? நாங்க என்னப்பா தப்பு பண்ணினோம்?" என்றார் மதர்.

"அதில்ல மதர். பல டிஸ்க்கைச் சேத்து ஒண்ணா வேலை வாங்குறதுக்கு அப்படிப் பேரு." அவன் முதல் பெட்டியின்மேல் கை வைத்தான். "இதை வச்ச இடமே தெரியாது. மூச்சுச் சத்தம்கூட வராது. உங்க மௌன வேளைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்." இரண்டாவதைக் காட்டி, "இதுல ஏதாச்சும் கோளாறுன்னா எனக்குப் போன்ல தகவல் வந்திரும். நான் கீழ இருந்தே பாத்துக்குவேன்" என்றான். மூன்றாவதைப் பற்றி அவன் அதிகம் சொல்லவில்லை. அது ஆணி அடித்த டிரங்குப் பெட்டிபோலத் தடியாக இருந்தது.

வியான்னியின் மனசு முதல் பெட்டியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் கொலம்பா வந்து சேர்ந்தார். சேலை ஓரமெல்லாம் சேறு. கண் டாக்டர் அடுத்த நாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சிஸ்டர்" என்று வியான்னி கையைப் பிடித்துக்கொண்டார். "மூணுல எதை நம்பலாம்? நீங்கதான் சொல்லணும்."

கொலம்பா ஜன்னலைப் பார்க்கவில்லை. மூன்று பெட்டிகளையும் பார்க்கவில்லை. பழைய பெட்டியின் பக்கத்தில் குனிந்து, பிளாஸ்திரியைத் தொட்டார்.

"இது என்ன அக்கா?"

"மௌன வேளையில கத்துச்சு. பிள்ளைங்க எழுந்திரிச்சிடும்னு."

"எப்போ?"

"மழை ஆரம்பிச்சப்போ." வியான்னியின் குரல் தணிந்தது. "படமெல்லாம் திறக்குது சிஸ்டர். ஒண்ணும் குறையலை. தினம் பாக்கிறேன்."

கொலம்பா ஈரப் பஞ்சால் பிளாஸ்திரியை நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார். துளையில் இருந்த பஞ்சை எடுத்தார்.

சத்தம் வெளியே வந்தது.

வியான்னி பின்னால் நகர்ந்தார். அன்றைக்குக் கேட்ட அதே சத்தம், விட்டுவிட்டு. மழை முழுக்க, அவர் சாப்பிட்டபோதும் ஜெபித்தபோதும் தூங்கியபோதும், அது பஞ்சுக்குள் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

அதற்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. டக், டக் என்று மெதுவாக, நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல்.

கொலம்பா மேஜையிலிருந்த காகிதத்தில் மூன்று எடைகளையும் மொத்தத்தையும் எழுதினார். ஒன்றை அடித்தார். இன்னொன்றின்மேல் பேனா முனையை வைத்து, அடிக்காமல் பிடித்துக்கொண்டார்.

வியான்னி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சகாயராணி பேபி" என்றார். "அந்தப் பிள்ளை படம் உங்ககிட்ட இல்லை. நீங்க போன பிறகுதான் பிறந்துச்சு. இதுல மட்டும்தான் இருக்கு."

டக் டக் என்ற சத்தம் வேகமாயிற்று. வியான்னி சட்டென்று எழுந்து, சத்தம் வந்த டிஸ்க்கை உருவக் கையைக் கொண்டுபோனார். கொலம்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கெட்டுப்போனதை எடுத்துட்டு, புதுசைப் போட்டுரலாமே?"

"அக்கா, இப்பத்தான் பிறந்த பிள்ளைங்க நாலு வரிசையாக் கிடக்குன்னு வைங்க. ஒண்ணு முனகுது. ஒண்ணு அசையலை. எது உயிரோட இருக்கு?"

வியான்னி கையை எடுத்தார். மஞ்சள் விளக்கு எரிந்த டிஸ்க்கைப் பார்த்தார். அதில் எந்தச் சத்தமும் இல்லை.

"அப்போ அந்த அசையாததை எடுத்துட்டுப் புதுசு வைக்கலாம். மாத்து டிஸ்க் ஒண்ணு கையில இருக்கு."

"வச்சா, மத்த மூணும் தங்ககிட்ட இருக்கிறதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் அதுக்கு ஒப்பிக்கணும். மூச்சு வாங்கற இதுவும் சேந்து ஒப்பிக்கணும்."

"தாங்காதா?"

"தெரியாது."

கொலம்பா மடியில் சுமந்துவந்த பிரதி டிஸ்க்கை எடுத்து ஒரு வயரால் சர்வரோடு இணைத்தார். "முதல்ல பிள்ளைங்களை வெளிய தூக்கிடுவோம். அப்புறம் வீட்டைப் பாப்போம். பேரு சொல்லுங்க அக்கா."

"வரிசைப்படி..."

"முதல்ல என்கிட்ட இல்லாத பிள்ளை."

வியான்னி பெயரைச் சொன்னார். கொலம்பா ஒரு விசையைத் தட்டினார். திரையில் பச்சைக் கோடு ஒன்று நீளத் தொடங்கியது. பாதி போனதும் நின்றது.

டக். டக். டக்.

"நின்னுடுச்சா?"

"திரும்பத் திரும்பக் கேட்டுப் பாக்குது. விடலை."

"ஜெபமாலை சொல்லட்டுமா சிஸ்டர்?"

"சொல்லுங்க. கதவை மட்டும் மெதுவாச் சாத்துங்க, அதிரக்கூடாது."

கதவைச் சாத்தப் போனால் வாசலில் சகாயராணி நின்றிருந்தாள். "என்ன சிஸ்டர் சத்தம்?"

பொய் சொல்ல வியான்னிக்கு நாக்கு வரவில்லை. "உன் பிள்ளை கண்ணுப் படம் இதுக்குள்ள இருக்கும்மா. பெட்டிக்கு முடியலை. வெளிய எடுத்துக்கிட்டிருக்கோம்."

சகாயராணி உள்ளே வந்தாள். தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தாள், இன்குபேட்டரைப் பார்ப்பதுபோலவே. அவள் மூச்சுவிட மறந்திருக்கிறாள் என்று வியான்னிக்குத் தெரிந்தது. தன் மூச்சும் அப்படித்தான் இருந்தது. வியான்னி உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்தார். முதுகில் தட்டி மூச்சு வரவைத்த எத்தனையோ பிள்ளைகளின் நினைப்பு அந்தக் கையில் இருந்தது. தட்டவில்லை. வைத்துக்கொண்டே இருந்தார். தகரம் சூடாக இருந்தது, உள்ளே ஏதோ துடித்தது.

கோடு நகர்ந்தது.

மெல்ல, நின்று நின்று, கடைசிவரை போயிற்று. கொலம்பா படத்தைத் திறந்தார்.

திரை முழுக்கச் செம்மஞ்சள். சூரியன் இறங்கும்போது மலைக்குப் பின்னால் பரவும் நிறம். அதன் நடுவில் ஒரு வெளிச்ச வட்டம். அங்கிருந்து சிவப்பு ஓடைகள் கிளம்பி, பிரிந்து, மறுபடி பிரிந்து, ஓரிடத்தில் வந்து நின்றிருந்தன. அதற்கப்பால் வெறும் நிலம். ரத்தம் போய்ச் சேர வேண்டிய இடம்.

"இதுதான் என் பிள்ளை கண்ணா?" என்றாள் சகாயராணி.

"கண்ணுக்கு உள்ளம்மா."

"இவ்வளவு பெருசா இருக்கு."

கொலம்பா மஞ்சள் விளக்கைக் காட்டினார். "அக்கா, இந்தப் படத்துல ஒரு பங்கு அந்த டிஸ்க்ல இருக்கவேண்டியது. அது செத்து வெகுநாளாச்சு."

வியான்னி திரைக்குப் பக்கத்தில் போனார். ஓடைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "ஓட்டை எங்கயுமே இல்லையே."

"மத்ததுங்க கணக்குப் போட்டு நிரப்புது. ஒவ்வொரு புள்ளியா."

"இப்பவா?"

"நீங்க பாக்கிற இந்த நிமிஷம்."

வியான்னி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். சகாயராணியும் போட்டுக்கொண்டாள், ஏன் என்று தெரியாமலே.

அதன் பிறகு மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக வெளியே எடுத்தார்கள். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகே, கொலம்பா செத்துப்போன டிஸ்க்கை உருவிவிட்டுப் புதிதை வைத்தார். நான்கு விளக்குகளும் படபடவென்று சிமிட்டத் தொடங்கின. பாதி வேலை முடியும் முன்னே டக் டக் என்ற சத்தம் நின்றது. அந்த டிஸ்க்கின் விளக்கும் மஞ்சளாயிற்று.

வியான்னி படங்களைத் திறக்கப் பார்த்தார். ஒன்றுகூடத் திறக்கவில்லை. மதியம்வரை எல்லாப் பிள்ளைகளையும் வைத்திருந்த பெட்டி, வெறும் தகரமாகக் கிடந்தது.

அவர் கொலம்பாவின் மடியில் இருந்த பிரதி டிஸ்க்கைப் பார்த்தார். அதைத் தொட்டார். 

*

காலையில் கண் டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய படத்தில் ஓடைகள் நின்ற இடத்தில், புதிய படத்தில் மேடு கட்டியிருந்தது. "இன்னைக்கே லேசர் வச்சிருவோம்" என்றார். சகாயராணி வெளியே நின்றாள். முடிந்து வந்ததும், "சரியான நேரத்துக்குப் பிடிச்சிட்டோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். அடுத்த வாரம் அவர் வந்து பார்த்தபோது மேடு வற்றியிருந்தது. ஓடைகள் வெறும் நிலத்துக்குள் இறங்கத் தொடங்கியிருந்தன.

கொலம்பா அதுவரை தலைமை மடத்துக்குத் திரும்பாமல் தங்கியிருந்தார். மூன்று பெட்டிகளையும் சின்ன அறையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளின் படங்களில் ஒரு பிரதியைக் கொடுத்து ஓடவிட்டிருந்தார். ஆசீர் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"எதுன்னு சொல்லிட்டா மத்ததை எடுத்துட்டுப் போயிருவேன் சிஸ்டர்."

"எது?" என்று வியான்னியும் கேட்டார்.

"மௌன வேளை வரட்டும்" என்றார் கொலம்பா.

மதியம் ஆயிற்று. துணிகள் போர்த்தப்பட்டன. விளக்கு தணிந்தது. மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சின்ன அறைக்குள் வந்தார்கள். வார்டுக்குப் போகும் கதவைக் கொலம்பா திறந்து வைத்தார். வியான்னி ஒரு முறை அந்தக் கதவைப் பார்த்தார், சாத்தவில்லை.

கொலம்பா முதல் பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவினார்.

"ஐயோ சிஸ்டர், ஓடிக்கிட்டிருக்கு" என்று ஆசீர் கிசுகிசுத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி அதுபாட்டுக்கு இருந்தது. வெகுநேரம் காத்திருந்தார்கள். கடைசியில் ஆசீரே எட்டிப் பார்த்து, "பின்னாடி சின்னதா ஒரு லைட் எரியுது பாருங்க" என்றான். அது சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது பெட்டியிலிருந்து ஒன்றை உருவினார். ஆசீர் பெருமையாகப் போனை எடுத்தான். பார்த்தான். ஜன்னலோரம் போய்த் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"மலையில சிக்னல் கொஞ்சம் அப்படி இப்படித்தான் சிஸ்டர். கீழ இறங்கினதும் வந்திரும்."

மூன்றாவது பெட்டியிலிருந்து ஒன்றை உருவினார்.

அது அலறியது.

பழைய பெட்டியின் சத்தமெல்லாம் இதோடு ஒப்பிட்டால் வெறும் முனகல். இது வேட்டைக்காரனின் வலையில் சிக்கிய கிளியைப்போல ஓர் அலறல். சுவர் அதிர்ந்தது. ஆசீர் காதைப் பொத்தினான். வார்டில் ஒரு பிள்ளை வீரிட்டது. உடனே பக்கத்துப் பிள்ளை. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும். வியான்னி இத்தனை காலம் காத்த மௌனம் ஒரே நொடியில் கிழிந்தது.

அவர் எழுந்தார். பிளாஸ்திரி இருந்த பக்கம் திரும்பவில்லை. முட்டி வலியை மறந்து நேரே பெட்டிக்குப் போனார். எந்த டிஸ்க்கின் இடம் என்று விளக்கைப் பார்த்தார். கொலம்பாவின் கையிலிருந்த டிஸ்க்கை வாங்கி அதன் இடத்தில் தள்ளினார். பெட்டி அடங்கியது. விளக்குகள் சிமிட்டத் தொடங்கின.

பிள்ளைகள் அடங்கவில்லை. வாசலில் மதர் பிரிஜித்தா செருப்புக் காலோடு நின்றார். "மௌன வேளையில யாரு இது?"

 வியான்னி வார்டுப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வார்டின் ஒவ்வொரு பிள்ளையின் அழுகையும் அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே பெயர் சொல்லிவிடுவார். அந்தக் கூட்டத்தில் இதுவரை கேட்காத குரல் ஒன்று இருந்தது. கரகரத்து, உடைந்து, நின்று, திரும்ப ஏறி, எல்லாவற்றுக்கும் மேலே போய்க்கொண்டிருந்தது.

அவர் உள்ளே போனார். சகாயராணி இன்குபேட்டர் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே பிள்ளை கையைக் காலை உதைத்து, முகமெல்லாம் சிவந்து, கத்திக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்" என்றாள் சகாயராணி. "இவதான்."

வியான்னி தலையாட்டினார்.

"நிறுத்தணுமா சிஸ்டர்?"

"கொஞ்ச நேரம் கேட்போம்மா."

மதர் பிரிஜித்தா குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவரும் நின்று கேட்டார்.

*

ஆசீர் மற்ற இரண்டு பெட்டிகளையும் கட்டிக்கொண்டிருந்தான். போகுமுன், தடிப் பெட்டியின் முன்பக்கத்தைக் காட்டி, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ரொம்பத் தொந்தரவா இருந்தா, இந்தப் பட்டனை அமுக்குங்க. சத்தம் நின்னுரும்."

வியான்னி கொலம்பாவைப் பார்த்தார். கொலம்பா ஜன்னலைப் பார்த்தார்.

வியான்னி மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிளாஸ்திரியை எடுத்து, அந்தப் பட்டன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். ஓரங்களை விரலால் அழுத்திவிட்டார்.

ஆசீருக்கு ஒன்றும் புரியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கொலம்பா பிரதியை மடிப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வியான்னி கூடவே வந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சிஸ்டர், இப்போ சொல்லுங்க. இந்தப் பெட்டியை நம்பலாமா?"

கொலம்பா திரும்பி, திறந்திருந்த கதவு வழியே சின்ன அறையைப் பார்த்தார். பெட்டியில் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. அது கத்தினால் உடனே கேட்கிற பக்கத்தில், சுவரோரமாக, ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் இருந்தது.

"இன்னைக்கு நீங்க எங்க படுக்கப்போறீங்க அக்கா?"